பவளம் கொண்டுவந்த இருட்டு

குமாரபாளையத்தில், கிணற்றுமேட்டு வீதியில், சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலை ஒன்பதே முக்காலுக்குச் சிந்தாமணியின் வீட்டு முன்னறையில் இருட்டியது. மேகம் மூடவில்லை, கரண்ட் போகவில்லை, யாரும் சன்னலைச் சாத்தவும் இல்லை. வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே டியூப் லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் வெளிச்சம் கீழே இறங்காமல் குழாயின் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து எழுந்த இருட்டு, உப்பு வாசனையோடும் குளிர்ச்சியோடும் முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு என்று ஏரி நிறைவதுபோல நிறைந்து, கட்டிலில் புரண்டுகொண்டிருந்த அங்கமுத்துவின் தலையை மூடியது. கையில் சொட்டுமருந்துக் குப்பியோடு நின்றபடி சிந்தாமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கணவனின் குறட்டை கேட்டது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பகல் நேரத்தில் அவள் கேட்ட முதல் குறட்டை அதுதான். குப்பியை மெல்ல வைத்துவிட்டு, பாத்திரம் உரசாமல் அரிசி களையப் போனாள்.

அங்கமுத்து தறி ஓட்டுகிறவன். இரவு எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வருவான். அந்த வீதியில் முக்கால்வாசிப் பேருக்கு அதே பிழைப்பு. பகலில் தூங்க வேண்டியவர்களுக்கு அந்த வீதி தூக்கம் கொடுத்ததில்லை. தகரக்கூரை காலையிலேயே கொதிக்கும், ஓட்டை வழியே வெயில் ஊசியாக இறங்கும், பக்கத்துப் பட்டறைகளில் பகல் ஷிப்ட் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு அங்கமுத்து சிவந்த கண்ணோடு எழுந்து உட்கார்ந்துவிடுவான். போன தை மாதம் தறி முன்னால் நின்றபடியே தூங்கியதில் வலதுகைச் சுட்டுவிரலின் நுனி போயிற்று. அடுத்தது கையாக இருக்கலாம் என்று கட்டுப்போட்ட நர்ஸ் சொன்னதைச் சிந்தாமணி யாரிடமும் சொல்லவில்லை.

சிந்தாமணிக்கு வேலை சாயப்பட்டறையின் பரிசோதனை அறையில். தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு, புளிப்பா காரமா என்று பதினொரு மணிக்குப் போய்ச் சாயங்காலம் வரை குழாய்க் குழாயாக அளந்து எழுதுவாள். சாயம் துணியில் ஏற உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும், அது தூத்துக்குடியிலிருந்து லாரியில் வரும். அப்படி வந்த மூட்டை ஒன்றைப் பிரிக்கும்போதுதான் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் உருண்டு வந்தது. கல் முழுக்கச் சின்னச் சின்ன மொட்டுகள், தீ அடங்கிய பின் கங்கில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தில். எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். சிந்தாமணி ஒரு மொட்டை நகத்தால் தொட்டாள். அது சுருங்கியது. உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தூக்கிப் போட அவளால் முடியவில்லை.

கடல் தண்ணீர் என்பது வெறும் உப்புத் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சாய உப்போடு பேதியுப்பும் கால்சியம் குளோரைடும் ஆப்பசோடாவும் இன்ன அளவு என்று கணக்காகக் கலந்து, கேன் தண்ணீரில் கரைத்து, பட்டறையில் வைத்திருக்கும் மிதவைக் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்து, கடலின் கனம் வரும்வரை மூன்று நாள் சரிசெய்தாள். பவளம் என்றால் வெளிச்சத்தைத் தின்று வாழும் என்று ஈரோட்டு மீன்கடைக்காரர் சொன்னதை நம்பி நீல விளக்கு வாங்கி மாட்டினாள். நான்காம் நாள் மொட்டுகளின் ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் துணி சுற்றிவிட்டுக் காத்திருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு மொட்டு மலர்ந்தது. மஞ்சள் இதழ்கள் விரிந்து, நடுவில் ஒரு வாய்.

இது வெளிச்சம் எட்டாத ஆழத்துப் பவளம். வெயிலைத் தின்னாது. தொட்டியில் தூவினாலும் எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். சென்னாக்கூனிக் கருவாட்டை ஊறவைத்து அம்மியில் அரைத்து, மீன்முட்டை சேர்த்துக் கரைத்து, சொட்டுமருந்துக் குப்பியில் நிரப்பி, வாய்க்கு ஒரு சொட்டாக அவள் ஊட்டினாள். அதிகம் ஊட்டினால் தண்ணீர் கெடும், குறைத்து ஊட்டினால் பவளம் இளைக்கும். கெடுகிற தண்ணீரைச் சுத்தம் செய்ய, பொடிக் குமிழி விட்டால் அழுக்கு நுரையாக ஏறிவிடும் என்ற பட்டறை அறிவைக் கொண்டு பிளாஸ்டிக் குழாயில் ஒரு நுரைவாங்கி செய்தாள். ஆழக்கடலின் குளிர்ச்சிக்குக் கேன்டீனில் ஓரங்கட்டிய பழைய தண்ணீர்க் கூலரைக் கேட்டு வாங்கி அதன் சுருளைத் தொட்டியோடு இணைத்தாள். அசைவுக்கு ஏர்கூலர் மோட்டார் இரண்டை எதிரெதிராக வைத்து மாறி மாறி ஓடவிட்டாள். ஒரு பெண்பிள்ளை தனியாக ஒரு கடலைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை. வந்த விருந்துக்குச் சோறு போடவேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு.

வரும்போது அறுபத்திரண்டு வாய். மூன்று மாதத்தில் நூற்று நாற்பது. அப்போதுதான், அந்த வியாழக்கிழமை, பவளம் தன் ஊரின் இருட்டைக் கொண்டுவந்தது.

அன்று அங்கமுத்து ஏழு மணி நேரம் தூங்கினான். எழுந்து வெளியே வந்தவனைப் பக்கத்து வீட்டுப் பாவாயி உற்றுப் பார்த்தாள். ஐம்பது வயது, புருஷன் இல்லை, இரவு ஷிப்டில் நூல் சுற்றும் வேலை.

"என்னப்பா, மூஞ்சி தெளிஞ்சு பொறந்த கொழந்தையாட்ட இருக்குது?"

"தூங்கினனுங்க்கா."

"எங்க?"

"ஊட்லதானுங்க."

பாவாயிக்கு அது போதும். மறுநாள் காலை எட்டரைக்குத் தலையணையும் கையுமாக வந்து நின்றாள். சிந்தாமணி பாயை விரித்தாள்.

அதற்குப் பிறகு சேதி சொல்ல ஆள் தேவைப்படவில்லை. வாய்கள் கூடக் கூட இருட்டும் கூடியது. சுவர் தாண்டிப் பாவாயி வீட்டுக்குள் போயிற்று, அடுத்த வாரம் எதிர்வீட்டுக்கு, ஆனி பிறப்பதற்குள் பக்கத்துக்கு ஐந்து வீடு. தறிச் சத்தம் இருட்டுக்குள் வந்தால் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலத் தூரமாகி மெத்தென்று ஆகிவிடும். பதினாறு பேர் தூங்கினார்கள், பிறகு நாற்பது பேர். வீதியும் அதற்கேற்ப நடந்துகொண்டது. பகலில் அந்த வீடுகளுக்குள் போகிறவர்கள் பிடித்துக்கொண்டு நடக்க வாசலுக்கு வாசல் நூல்கயிறு கட்டினார்கள். பால்காரர் மணியடிப்பதை விட்டுவிட்டுக் கதவில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பூக்காரியின் கூடையில் சாயங்காலம் விரியவேண்டிய மல்லிகை அந்த வீடுகளைத் தாண்டும்போது பத்து மணிக்கே விரிந்துவிட்டதால், அவள் மொட்டாக விற்கும் நாளில் மேல்வீதி வழியாகவும் மலர்ந்த பூ கேட்டவர்கள் இருக்கும் நாளில் மட்டும் இந்த வழியாகவும் போனாள். கணக்கெடுப்புக்கு வந்த வாத்தியார் படிவத்தை நிரப்ப வெளிச்சத்துக்கு வந்து, நிரப்பிவிட்டு மறுபடியும் உள்ளே போய்க் கையெழுத்து வாங்கினார். வந்தவர்களும் போனவர்களும் கேட்ட கேள்வியெல்லாம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்பதுதான்.

பவளம் வைத்திருப்பது தப்பாகிவிடுமோ என்று சிந்தாமணி கடல்வளத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்கு, உப்பு மூட்டையில் வந்த விவரத்தை எழுதித் தபால் போட்டாள். இளம்வயது அதிகாரியம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார். கயிற்றைப் பிடித்து உள்ளே போய், தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். அந்த இருட்டில் வேறெதுவும் தெரியாது, பவளம் மட்டும் தெரியும், விளக்குப் போட்டுத் தெரிவதுபோல் இல்லாமல், மனதில் ஒருவர் முகம் தெரிவதுபோல.

"தண்ணி யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க."

"எங்க ஆராய்ச்சிக்கூடத்துல இந்த ஜாதி மூணு தடவ செத்துப்போச்சு," என்றார் அந்த அம்மா. "கடல்ல திருப்பி விடணும்ங்கறதுதான் சட்டம். ஆனா எந்தக் கடல், எத்தன ஆழம்னு தெரியாம விட்டா கொல்ற மாதிரி. தெரியற வரைக்கும் உங்க பொறுப்புல இருக்கட்டும்." வாசலுக்கு வந்து அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே போய் ஒரு பாயில் ஓரமாகப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனார்.

ஆடி மாதத்தில் நாச்சிமுத்து வந்தார். வீதிக் கடைசியில் கைத்தறிக்குப் பாவு தோய்க்கிறவர், அறுபது வயது. நூலை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி வெயிலில் காயவிடுவார். வாசலுக்கு வெளியே, வெளிச்சத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மிணி, நான் சண்டைக்கு வரல. நாலு நாளா எம்பட பாவு காயலீங்க. இருட்டு எங்கூட்டு வேப்பமரம் வரைக்கும் வந்துருச்சு. கஞ்சி ஈரத்தோட நூலு ஒட்டிக்குது. எங்கிட்ட வேலை செய்யற ரெண்டு பேரும் கையக் கட்டிட்டு நிக்கறாங்க."

"எனக்குத் தெரியாமப் போச்சுங்ணா," என்றாள் சிந்தாமணி.

"ஒறங்கறவங்கள எழுப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேற என்ன சொல்றதுன்னும் தெரியல."

அவர் போன பிறகு அவள் யோசித்தாள். இருட்டு வாய்களிலிருந்துதான் வருகிறது, வாய் திறப்பது தீனிக்கு. தீனியைக் குறைத்தால் இருட்டு குறையும். அன்று முதல் யாரிடமும் சொல்லாமல் பாதி வாய்களுக்கு மட்டும் ஊட்டினாள். ஊட்டாத வாய்கள் தீனி வாசனைக்குத் திறந்து, காத்திருந்து, மூடிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டு வேப்பமரத்தை விட்டது, எதிர்வீட்டை விட்டது. மூன்று வாரத்தில் அவள் வீட்டு முன்னறைக்குள் சுருங்கி, அங்கேயும் மெலிந்து சாயங்கால வெளிச்சம்போல ஆனது. பவளத்தின் ஓரங்களில் பழையபடி எலும்பு தெரிந்தது. அங்கமுத்து பழையபடி இரண்டு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். எழுந்தவன் அவள் பக்கத்தில் வந்து சென்னாக்கூனி அரைத்துக் கொடுத்தான்.

மற்றவர்களும் அவரவர் கொதிக்கும் கூரைக்கடியில் போய்ப் படுத்தார்கள். நாச்சிமுத்துவைச் சிலர் முறைத்தார்கள், ஒருவர் டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனார். நாச்சிமுத்துவுக்குப் பாவு காய்ந்தது, சோறு இறங்கவில்லை.

ஒரு காலை அவர் பாவை இழுத்துக் கட்டி முடித்த நேரத்தில் பாவாயி ஷிப்ட் முடிந்து நடந்து வந்தாள். நேராக வந்து பாவில் மோதினாள். நாற்பது ஐம்பது இழை பொட்பொட்டென்று அறுந்தது. அப்படியும் அவள் விலகவில்லை, நூலில் சாய்ந்தபடி நின்றாள். நாச்சிமுத்து ஓடி வந்து பார்த்தார். கண் திறந்திருந்தது. ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. அறுந்த இழைகளை அவள் தோளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கையைப் பிடித்து அவள் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். பிறகு சிந்தாமணியின் வீட்டுக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்தார்.

"தீனியக் கொறச்சுட்டியா அம்மிணி?"

அவள் குப்பியைக் கழுவத் திரும்பினாள்.

"நான் கேட்டதுக்காவா?"

"உங்களுக்கும் பொழப்பு இருக்குதுங்களே."

நாச்சிமுத்து தொட்டியிடம் குனிந்தார். அவர் அதைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. இளைத்துப்போயிருந்தும் வாய்கள் அவர் மூச்சு பட்டதுபோல மெல்லத் திறந்தன. கண்ணாடியில் நெற்றி இடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகளைக் கண்ணால் எண்ணிப் பழகிய மனிதர். முணுமுணுவென்று எண்ணினார்.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றார். "ஒவ்வொண்ணுக்கும் நீயா ஊட்டறே?"

"ஆமாங்ணா. காலைல பாதி, சாய்ந்தரம் பாதி."

"தூங்கறதெப்போ?"

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் சிரித்து மழுப்பினாள்.

நாச்சிமுத்து நிமிர்ந்தார். "வாசனை புடிச்சாத்தான வாயத் தொறக்குது? எனக்கு வெயில் ஒம்பது மணி வரைக்கும் போதும். பாவ விடியறதுக்குள்ள இழுத்துக் கட்டி, ஆறு மணி வெயிலுக்கே கஞ்சி போட்டர்றேன். ஒம்பதுக்கு மேல நீ ஊட்டு, வயிறு நெறைய ஊட்டு. ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க ஒரு டீ குடிச்சுட்டு வரட்டும், ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. ஒன்பது மணிக்குப் பாவைச் சுருட்டி வைத்துவிட்டு நாச்சிமுத்து கை கழுவிக்கொண்டு வருவார், முதல் சொட்டை அவர்தான் ஊட்டுவார். அது வீதிக்கு அடையாளமாயிற்று. ஆனால் மூன்று வாரப் பட்டினி சாதாரணம் இல்லை. பவளம் மெதுவாகத்தான் தேறியது. அது தேறிக்கொண்டிருந்த ஐந்தாம் நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது.

முந்தைய மாதங்களில் நல்ல உடம்பாக இருந்ததால் அது தாங்கியது. இப்போது தாங்காது என்று சிந்தாமணிக்குத் தெரியும். மோட்டார் நின்றால் அசைவு நிற்கும், அசைவு நின்றால் மூச்சு முட்டும், கூலர் நின்றால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். தறிகளும் நின்றதால் வீதியே அமைதியாக இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்கு அப்படி ஒரு அமைதி எப்போதும் கிடைக்காது, படுத்தால் தூங்கியிருக்கலாம். யாரும் படுக்கவில்லை.

அங்கமுத்து புது மரக்கரண்டியால் தண்ணீரை இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று தள்ளினான். அவன் கை ஓய்ந்ததும் அடுத்தவர். நாச்சிமுத்து ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக மொபட்டில் கட்டிக்கொண்டு வந்தார். ஐஸ் உருகித் தண்ணீரில் கலந்தால் உப்புக் குறையும் என்று சிந்தாமணி சொன்னதால், பெண்கள் அதை உடைத்துப் பாலித்தீன் பைகளில் போட்டு வாயை நூலால் கட்டி மிதக்கவிட்டார்கள். பாவாயி சைக்கிள் பம்பின் குழாயை நுரைவாங்கிக்குள் செருகிக் காற்றடித்தாள்.

"மெதுவா அடிங்க்கா. கை போயிரும்."

"நூல் சுத்தற கை, போவாது. நீ தண்ணியப் பாரு."

சிந்தாமணி கால்மணிக்கொருதரம் சூட்டையும் உப்பையும் அளந்து உரக்கச் சொன்னாள், வாசலில் நின்றவர் அதை வீதிக்குச் சொன்னார், வீதி அதற்கேற்ப ஐஸை உடைத்தது அல்லது நிறுத்தியது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓரத்து வாய்கள் சில துவண்டு தொங்கின. அங்கமுத்து அதைப் பார்த்துக் கரண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளினான். எட்டு மணி நேரம் நாற்பது பேர் கைமாற்றிக் கைமாற்றி அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஒரு கடலை ஓடவிட்டார்கள். ஐந்தே காலுக்கு மோட்டார் உறுமியபோது, தண்ணீர் காலையில் இருந்த அதே குளிரில் இருந்தது.

ஊட்டலாமா என்று நாச்சிமுத்து கேட்டார். சிந்தாமணி குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள், சுவரைப் பிடித்தாள், அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பாவாயி அவள் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"படு," என்றாள்.

"பத்து சொட்டுக்கு ஒருதரம் குப்பியக் குலுக்கோணும், அடில தங்கிரும், அப்பறம்…"

"தெரியும், படு. இத்தன நாளா ஒரு கண்ணுல தூங்கி ஒரு கண்ணுல உன்னத்தான பாத்துட்டுருந்தேன்."

பாவாயி ஊட்டத் தொடங்கினாள். முதல் வாய் திறந்தது, பிறகு பத்து, பிறகு கல் முழுக்க. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு இருட்டு எழுந்தது. சிந்தாமணியின் பாதத்தைத் தொட்டு, மடிக்கு ஏறி, நெற்றியை மூடியது. அந்த இருட்டைக் கொண்டுவந்தவள் அதற்குள் அன்றுவரை ஒருமுறைகூடப் படுத்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

அவள் மறுநாள் எழவில்லை. சாயப்பட்டறைக்கு அங்கமுத்து போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஒன்பது மணிக்கு நாச்சிமுத்து முதல் சொட்டை ஊட்டினார், பாக்கியைப் பாவாயியும் மற்றவர்களும் வாய் வாயாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கும் மறுநாள் காலையில், வெயில் வந்த பிறகு, சிந்தாமணி முடியை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். பாவு காய்ந்துகொண்டிருந்தது. பாவாயி படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினனுங்க்கா." சிந்தாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கனவெல்லாம் ஒண்ணும் வரல. ஆழமா எங்கியோ கெடந்தேன். யாரோ வந்து வந்து வாயில ஊட்டிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு. இனிப்பா."

"நாந்தான். நாட்டுச்சக்கரக் கஞ்சி."

சிந்தாமணி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு வாய்க்கு ஊட்டறேன், கூட ஒரு வாய்க்கு ஊட்ட மாட்டனா," என்றாள் பாவாயி. தம்ளரில் மீதியிருந்த டீயை அவளிடம் நீட்டினாள்.